மண் சொல்லும் கணக்கும் உழவர் மனமும்

திருப்பூர் என்ற பெயரைக் கேட்டதும் வெளியூரார் நினைவுக்கு வருவது பனியனும் பின்னலாடையும்தாம். நம் மாவட்டத்தில் நெல்லும் விளைகிறது என்றால் பலர் வியப்படைவர். 2009ஆம் ஆண்டில் கோவை, ஈரோடு மாவட்டங்களின் சில பகுதிகளைப் பிரித்துத் திருப்பூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது, உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம், தாராபுரம் பகுதிகளும் அதில் சேர்ந்தன. ஆனைமலைச் சாரலிலிருந்து இறங்கி வரும் அமராவதி ஆறு பாயும் நிலம் இது. கல்லாபுரம், குமரலிங்கம், கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்ற ஊர்ப் பெயர்களைத் தாங்கிய ராஜவாய்க்கால்கள் அங்கே இன்றும் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டு செல்கின்றன. அணை கட்டப்பட்டது 1950களில். வாய்க்கால்களோ அதற்கு வெகு காலம் முந்தியவை. காங்கயத்தில் வரிசையாக நிற்கும் அரிசி ஆலைகளைப் பேருந்தில் போகும்போது நம்மில் பலர் பார்த்திருப்போம்.

இந்த நெல் வயல்களில் எவ்வளவு உரம் இடுவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? கேள்வி எளியது, விடை அவ்வளவு எளிதன்று. பக்கத்து வயல்காரர் இடுவதைப் பார்த்து இடுபவர் உண்டு. உரக்கடைக்காரர் சொல்வதைக் கேட்டு இடுபவர் உண்டு. அப்பா இட்ட கணக்கையே தாமும் இடுபவர் உண்டு. மண்ணைப் பரிசோதித்து, அதன் முடிவைப் பார்த்து இடுபவர் இவர்கள் எல்லாரையும்விடக் குறைவு. ஏன் குறைவு என்பதையும், மண் பரிசோதனை செய்தவர்களின் எண்ணமும் பழக்கமும் எப்படி மாறுகின்றன என்பதையும் இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் பரிசோதனை என்றால் என்ன என்று பார்க்கலாம். பயிருக்கு வேண்டிய சத்துகளில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் பெருமளவில் வேண்டும். துத்தநாகம், இரும்பு, போரான் முதலியவை சிறிதளவு போதும். ஆனால் அந்தச் சிறிதளவும் இல்லாவிட்டால் மற்றவை எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஒரு நூல் அறுந்தால் துணி முழுவதும் ஓட்டை விழுகிறதே, அதைப் போல. மண்ணில் இச்சத்துகள் எவ்வளவு இருக்கின்றன என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. ஆய்வுக்கூடத்தில் சில கிராம் மண்ணை எடுத்து, அதற்கென்று அமைந்த கரைசல்களில் கலக்கி, வடிகட்டி, அளந்து சொல்கிறார்கள். தழைச்சத்தை அளக்க நம் நாட்டில் பெரிதும் பயன்படும் பெர்மாங்கனேட் முறையை 1956இல் சுப்பையா, அசிஜா என்ற நம் நாட்டு விஞ்ஞானிகள் இருவர் வெளியிட்டனர். ஒரு ஹெக்டேரில் பயிருக்குக் கிடைக்கக்கூடிய தழைச்சத்து 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பர். மணிச்சத்து 11 கிலோவுக்குக் கீழ் குறைவு, 22 கிலோவுக்கு மேல் மிகுதி. சாம்பல்சத்து 118 கிலோவுக்குக் கீழ் குறைவு, 280 கிலோவுக்கு மேல் மிகுதி.

மண் புளிப்பா, காரமா என்பதையும் உப்பு எவ்வளவு என்பதையும் இதோடு பார்ப்பார்கள். வேதியியல் வகுப்பில் பி.எச். தாளை நனைத்து நிறம் பார்க்கிறோம் அல்லவா? அதே பி.எச்.தான். உப்பின் அளவை, மண் கரைசல் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதைக் கொண்டு அறிகிறார்கள்.

நம் நாட்டில் இம்முயற்சி புதியதன்று. 1950களின் நடுவிலேயே மண் பரிசோதனை நிலையங்கள் தொடங்கப்பட்டன. 1960-61இல் தஞ்சை மாவட்டத்தில் தொடங்கிய தீவிர விவசாயத் திட்டத்தில், அதாவது மக்கள் 'பேக்கேஜ் திட்டம்' என்று அழைத்ததில், நல்ல விதை, உரம், கடன் ஆகியவற்றோடு மண் பரிசோதனையும் ஒரு அங்கமாக இருந்தது. 1967-68 முதல் மண்ணாய்வுக்கும் பயிர் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பை நாடெங்கும் ஆராயும் ஒருங்கிணைந்த திட்டம் நடந்து வருகிறது. டாக்டர் ராமமூர்த்தி வகுத்த முறைப்படி, 'ஏக்கருக்கு இத்தனை மூட்டை நெல் வேண்டும்' என்று முதலில் இலக்கை முடிவு செய்துகொண்டு, மண்ணில் இருப்பதைக் கழித்து, மீதியை மட்டும் உரமாக இடும் கணக்கு உருவாயிற்று. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இக்கணக்கைப் பல பயிர்களுக்கு நம் மண் வகைகளுக்கேற்பச் செய்து தந்துள்ளது.

பின்னர் 2015 பிப்ரவரி 19ஆம் நாள் இராஜஸ்தானின் சூரத்கர் நகரில் மண் வள அட்டைத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பன்னிரண்டு விவரங்களைக் காட்டும் அட்டை ஒவ்வொரு விவசாயிக்கும் தரப்படும் என்பது ஏற்பாடு. இரண்டு ஆண்டுச் சுற்றுகள் இரண்டு நடந்தன. ஒவ்வொன்றிலும் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் வழங்கப்பட்டன. எனவே அட்டைக்குக் குறைவில்லை. அது வீட்டுப் பரணிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ கிடக்கிறதா, வயலுக்குப் போகிறதா என்பதே நாம் கேட்க வேண்டியது.

இதற்கு இருவிதமான பதில்கள் உண்டு. தேசிய உற்பத்தித் திறன் கழகம் 2017இல் செய்த ஆய்வு, அட்டையின்படி நடந்தவர்களிடம் இரசாயன உரப் பயன்பாடு 8 முதல் 10 சதவிகிதம் குறைந்தது, விளைச்சல் 5 முதல் 6 சதவிகிதம் கூடிற்று என்று கூறியது. ஆனால் பீகாரில் நடந்து 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மண் பரிசோதனை முடிவைப் பெற்ற விவசாயிகளும் பெறாதவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி உரம் இட்டனர். சீட்டு மட்டும் கைக்கு வந்ததால் பழக்கம் மாறவில்லை. குஜராத்தில் பருத்தி விவசாயிகளிடையே நடந்த மற்றோர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. அட்டையை வெறுமனே கொடுத்தபோது பலருக்கு விளங்கவில்லை. வேளாண் வல்லுநர் நேரில் விளக்கியபோதும், ஒலிப்பதிவாகக் கேட்டபோதும் நன்றாக விளங்கியது. முதல் ஆய்வு அட்டையைப் பின்பற்றியவர்களைப் பற்றியது. மற்ற இரண்டும் அட்டையைப் பெற்றவர்களைப் பற்றியவை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான் பலர் இத்திட்டம் வெற்றி என்றும் தோல்வி என்றும் வாதிடுகிறார்கள்.

நம் நெல் விவசாயி ஏன் தயங்குகிறார்? அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. அது சரியன்று என்பது நம் கருத்து. அவருடைய தயக்கத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு.

ஒரு ஏக்கர் நிலத்தின் மேல் மண் ஏறத்தாழ 900 டன் எடை இருக்கும். அதற்காக நாம் அனுப்புவது அரைக் கிலோ. அதையும் ஒருவர் வயலில் மட்டும் எடுத்தால் பரவாயில்லை. மண் வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு, அதாவது ஆறேகால் ஏக்கருக்கு, ஒரு மாதிரி என்று வைத்தார்கள். ராஜவாய்க்கால் பாசனத்தில் ஆறேகால் ஏக்கர் என்றால் அதில் பல பேருடைய வயல்கள் அடங்கிவிடும். ஒருவர் ஆண்டுதோறும் தொழுவுரம் அடித்திருப்பார், அடுத்தவர் அடித்திருக்கமாட்டார். இருவர் அட்டையிலும் ஒரே எண்! "இது என் மண்ணே இல்லையே" என்று அவர் சொன்னால் அதில் என்ன பிழை? மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும், வாய்க்கால் தலைப்புக்கும் கடைமடைக்கும் உள்ள வேறுபாட்டைக் காலால் மிதித்தே சொல்லக்கூடியவர் அவர்.

அடுத்தது பணம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறுகிய, மத்திய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல்சத்து. ஏக்கருக்கு 60, 20, 20 என்று வைத்துக்கொள்ளலாம். டி.ஏ.பி.யில் மணிச்சத்து 46 சதவிகிதம். எனவே 20 கிலோவுக்கு ஏறக்குறைய 43 கிலோ டி.ஏ.பி. வேண்டும். அதிலேயே 18 சதவிகிதம் தழைச்சத்தும் இருப்பதால் மீதிக்கு 113 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டரை மூட்டை போதும். பொட்டாஷ் 33 கிலோ. இப்போது மண் பரிசோதனையில் மணிச்சத்து மிகுதி என்று வந்தால், பொதுப் பரிந்துரையில் கால் பங்கைக் குறைக்கலாம் என்பது வழக்கமான விதி. அப்படியானால் டி.ஏ.பி. 11 கிலோ குறையும். யூரியா மட்டும் நாலைந்து கிலோ கூடும். ஐம்பது கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய் என்றால் ஏக்கருக்கு மிச்சம் ஏறத்தாழ 270 ரூபாய். பயிர் கொஞ்சம் வெளிறினாலும் அந்த 270 ரூபாய் போய்விடுமே என்ற அச்சம் விவசாயிக்கு இருக்காதா? நாட்டுக்கு இந்தக் கால் பங்கு மிகப் பெரிய தொகை. ஒரு வயலில் அது சிறிய தொகை. ஆலோசனை சொல்பவர் நாட்டுக் கணக்கைச் சொல்கிறார். கேட்பவர் வயல் கணக்கைப் பார்க்கிறார்.

யூரியாவின் விலை இன்னொரு சிக்கல். 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியது. யூரியாவின் விலையை மட்டும் கட்டுக்குள் வைத்தது. 1991-92இல் நாடு முழுவதற்கும் தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம் 5.9:2.4:1 ஆக இருந்தது. அடுத்த ஆண்டே அது 9.5:3.2:1 என ஆயிற்று. 4:2:1 என்பதே பொதுவாகச் சொல்லப்படும் நல்ல விகிதம். விலை ஒரே ஆண்டில் செய்த மாற்றத்தை எந்த ஆலோசனையாலும் அத்தனை விரைவில் செய்ய முடிந்ததில்லை.

மேலும் யூரியா போட்டால் நான்கைந்து நாளில் பயிர் கருகருவென்று பச்சை கட்டுகிறது. அந்தப் பச்சையைப் பார்க்கும்போது விவசாயிக்கு வரும் மனநிறைவை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஊரார் வரப்பில் போகும்போது பார்த்துப் பாராட்டுவதும் அந்தப் பச்சையைத்தான். மிகுதியான தழைச்சத்தால் பயிர் சாயும், இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் வரும் என்பது உண்மை. ஆனால் அவை வரும்போது 'யூரியா மிகுந்ததால் வந்தது' என்று யாரும் வயலில் எழுதி வைப்பதில்லை. மருந்து வாங்கக் கடைக்குப் போகிறார்கள். பெரும்பாலும் அதே கடைதான். உரமும் அங்கேதான் கடனுக்கு வாங்கியிருப்பார்கள். கடன் கொடுப்பவர் சொல்லைத் தட்டிவிட்டு அட்டை சொல்வதைக் கேட்பது எல்லாராலும் ஆகிற காரியமா?

இவ்வளவையும் மீறி எங்கே மனம் மாறுகிறது? கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மாறுகிறது. துத்தநாகத்தை எடுத்துக்கொள்வோம். நெல் வயலில் நீர் தேங்கி நிற்பதால் மண்ணிலுள்ள துத்தநாகம் பயிருக்கு எளிதில் கிடைப்பதில்லை. நட்ட இரண்டு மூன்று வாரங்களில் இலைகளில் துருப்பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றி, பயிர் திட்டுத் திட்டாக வளராமல் நிற்கும். வடநாட்டில் இதனைக் கைரா நோய் என்றனர். நோய்க்கிருமி ஏதோ இருக்கிறது என்று எண்ணியிருந்த நேரத்தில், 1966இல் பந்த்நகரில் நேனே என்ற விஞ்ஞானி அது துத்தநாகக் குறைபாடே என்று கண்டறிந்தார். ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவினால் போதும். மண் பரிசோதனையில் துத்தநாகம் குறைவு என்று வந்து, அதன்படி இட்டவர் வயலில் அந்தப் பழுப்புத் திட்டு மறைந்ததும், வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரரும் வாங்கிப் போடுகிறார். அட்டை ஊருக்குள் நுழைகிற வழி இதுதான். 'குறை' என்று சொல்லும் ஆலோசனையைவிட 'சேர்' என்று சொல்லும் ஆலோசனை விரைவில் ஏற்கப்படுகிறது. சேர்த்ததன் பயன் கண்ணில் படுகிறது, குறைத்ததன் பயன் படுவதில்லை.

இலை வண்ண அட்டையும் இத்தகையதே. பிளாஸ்டிக்கில் இளம் பச்சையிலிருந்து கரும் பச்சை வரை பட்டைகள் இருக்கும். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலையை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நிறம் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போனால் மட்டும் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3. மற்ற இரகங்கள் பலவற்றுக்கு 4. பச்சையை விரும்பும் விவசாயியின் கண்ணையே கருவியாக்கிவிட்ட யோசனை இது. மண் பரிசோதனை விதைப்புக்கு முன் சொல்லும் கணக்கு. வண்ண அட்டை பயிர் நிற்கும்போது சொல்லும் திருத்தம். தழைச்சத்தைப் பொறுத்தவரை இரண்டும் சேர்ந்தால்தான் பயன் முழுமையாகும்.

நம் மாவட்டத்தில் மண் பரிசோதனைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியாது. சாயமேற்ற உப்பு வேண்டும். பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்குச் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ மிகுதியாகச் சேர்ப்பார்கள். அலசும்போது அவ்வுப்பெல்லாம் நீரோடு வெளியேறும். பல்லாண்டுகள் அது நொய்யலில் கலந்தது. 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென்று கட்டப்பட்டுச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. தண்ணீர் வேண்டுமென்று போராடும் விவசாயிகளைக் கண்டிருக்கிறோம். அங்கோ அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகள் வேண்டினர். வழக்கு நடந்தது. கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. அந்த மாதங்களில் வேலையிழந்து நின்ற குடும்பங்களும் நம் குடும்பங்களே என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

உப்பேறிய நிலத்தில் பயிர் வாடினால் உரம் போதவில்லை என்றே முதலில் தோன்றும். மேலும் ஒரு மூட்டை யூரியா இடுவார்கள். பயன் இராது. மின் கடத்தும் திறன் 4க்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். பி.எச். 8.5க்கு மேல் போய்ச் சோடியம் மண்ணில் ஒட்டியிருந்தால் அது களர் நிலம். மண் இறுகி நீர் இறங்காது. உவர் நிலத்தில் நல்ல நீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவ வேண்டும். களர் நிலத்தில் ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி, வடிகட்டி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும்; டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3 போன்ற திருச்சி நெல் இரகங்கள் அதைத் தாங்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. எது என்று பரிசோதனையன்றித் தெரியாது. கிணற்று நீரே உப்பாக இருந்தால் மண்ணை மட்டும் சோதித்துப் பயனில்லை, நீரையும் சோதிக்க வேண்டும். 2024-25ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதைக்கு இடம் தரப்பட்டது நல்ல செய்தி.

மற்றொன்று. நாற்று நடுபவர், களை எடுப்பவர் பெண்கள். வயலில் எந்த மூலையில் பயிர் வெளிறியிருக்கிறது என்று முதலில் காண்பவரும் அவர்களே. ஆனால் அட்டையோ பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் வருகிறது; கூட்டத்துக்கு அழைக்கப்படுபவரும் அவரே. குத்தகைக்கு உழுபவர் நிலையும் இதுதான். இன்று அப்பா வயலிலும் அம்மா பனியன் கம்பெனியிலும் இருக்கும் வீடுகள் நம்மிடையே பல. அவ்வீடுகளில் பி.எச். என்றால் என்ன, சதவிகிதம் என்றால் என்ன என்று தெரிந்தவர் பள்ளிக்குப் போகும் மகள்தான். குஜராத்தில் வல்லுநர் செய்த வேலையை அவளும் செய்யலாம்.

மாதிரி எடுப்பது கடினமன்று. ஆனால் இதில் தவறினால் மற்றதெல்லாம் தவறு. அறுவடை முடிந்து, அடுத்த போகத்துக்கு உரமிடுவதற்கு முன் எடுக்க வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். மேலே கிடக்கும் தாள், சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில எழுத்து 'வி' போல 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு அங்குல கனத்துக்கு மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். இப்படி வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடியும் கலந்து பிரித்து, அரைக் கிலோவாகும் வரை குறைக்க வேண்டும். துத்தநாகம், இரும்பு பார்க்க வேண்டுமானால் இரும்பு மண்வெட்டி பட்ட மண்ணை மூங்கில் குச்சியால் நீக்கிவிட்டு எடுப்பது நல்லது. நிழலில் உலர்த்த வேண்டும். பழைய உரச் சாக்கில் போடவே கூடாது. அதில் ஒட்டியிருக்கும் யூரியாவும் மண்ணோடு பரிசோதனைக்குப் போய்விடும். நம் ஊரில் துணிக்கா பஞ்சம்? வெட்டுத்துணியில் தைத்த சிறு பை போதும். பைக்குள் ஒரு சீட்டில் பெயர், ஊர், சர்வே எண், பாசனம் கிணறா வாய்க்காலா, போன போகத்தில் என்ன பயிர், அடுத்து என்ன பயிர், எந்த இரகம் என்று எழுதி வைத்து, வேளாண்மை உதவி அலுவலரிடமோ மண் பரிசோதனை நிலையத்திலோ கொடுக்கலாம். அடுத்த பயிரின் பெயரை எழுத மறந்துவிட்டால் எண்கள் மட்டுமே வரும், உரக் கணக்கு வராது.